‘இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கீங்களா?’

(முன்னாள் மாணவர், இயந்திரவியல் பிரிவு, 1995–98)



மாணவர் பேரவைச் செயலாளர் போனில் கூப்பிட்டு, “சார், ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். பழைய மாணவர்கள்னாலே கம்பெனி ஆரம்பிச்சது, துபாய் போனதுன்னுதான் எழுதறாங்க. நீங்க வேற லைன்ல போனவரு, அதை எழுதுங்க” என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. என் வேலையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்தக் கல்லூரி வளாகத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். கிட்டத்தட்ட முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னை எப்படி நினைத்துக்கொண்டாலும் சரி.

முதலில் உத்தியோகம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர். ஆங்கிலத்தில் ப்ரொபேஷன் ஆபீசர் என்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். பால் வாங்கப் போகும்போதெல்லாம், “என்ன தம்பி, இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கீங்களா? எப்ப பர்மனென்ட் பண்ணுவாங்க?” என்று விசாரிப்பார். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். இப்போது “ஆகும் சார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். யோசித்தால் அவர் கேட்பதும் ஒரு வகையில் நியாயமே. 2013-ல் சேர்ந்தேன். ஒப்பந்தம், தொகுப்பூதியம். ப்ரொபேஷன் ஆபீசருக்கே ப்ரொபேஷன் பீரியட்கூடக் கிடையாது!

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் ஒரு குற்றம் செய்ததாகப் போலீசில் பிடிபட்டால், அவரை மற்றவர்களைப் போலக் கோர்ட்டில் கூண்டில் நிறுத்த மாட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைது என்ற சொல்லையே அவர்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். “இந்தப் பிள்ளை யார், எந்த வீட்டிலிருந்து வருகிறான், ஏன் இப்படி ஆயிற்று?” என்று அவர்கள் என்னைப் போன்றவரைக் கேட்பார்கள். 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை எழுதித் தர வேண்டும். குழுமம் அவனை நன்னடத்தையின் பேரில் வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் காலம் முழுவதும் அவன் பின்னாலேயே நடக்க வேண்டியதும் நான்தான். இவ்வளவுதான் வேலை.

“இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது ரவுடிப் பசங்க விஷயம்” என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ஐ.டி. கார்டை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்து நேராக இங்கே வந்தவர்தானே நீங்கள்? முதலாண்டு, இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி குழந்தைகள். மீசை முளைத்தாலும், ஹாஸ்டல் மாடியில் சிகரெட் பிடித்தாலும் குழந்தைதான். நாளைக்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு கைகலப்பில் நீங்கள் மாட்டினால், உங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதப்போவது என்னைப் போன்ற ஒருவர்தான்.

இப்போது அந்தக் காரியம்.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோவில் சேர்ந்தவன். இரண்டாம் ஆண்டில் எனக்கு வயது 19. ஒர்க்‌ஷாப்பில் டூல் ரூமிலிருந்து வாங்கிய வெர்னியர் காலிப்பர் ஒன்றை ஒரு நாள் திருப்பிக் கொடுக்கவில்லை. மிட்டுடோயோ கம்பெனி, புத்தம் புதுசு. கைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றிருந்தபோது, ‘இதை வித்தா எவ்வளவு வரும்?’ என்று ஒரு எண்ணம் வந்தது. டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். வீட்டில் கஷ்டம், அம்மாவுக்கு மருந்து என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். ஊரில் திருவிழா வந்தது, கையில் காசு இல்லை. அவ்வளவுதான்.

கேட்டைத் தாண்டும் முன் ஃபோர்மேன் கூப்பிட்டார். “டேய், இங்க வா. டிபன் பாக்ஸத் திற.” திறந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காலிப்பரை எடுத்துப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். தயிர்சாதம் ஒட்டியிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தாடையைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நாளைலேர்ந்து காலைல எட்டு மணிக்கு வந்துடு” என்றார்.

ஒரு மாதம் தினமும் எட்டு மணிக்குப் போய் ஒவ்வொரு லேத்தாகப் பிசிறு வாரிச் சுத்தம் செய்தேன். முதல் வாரம் முடிந்ததும் அவர் இன்னொரு வேலை கொடுத்தார். டூல் இஷ்யூ ரிஜிஸ்டரையும் டூல் ரூம் சாவியையும் என் கையில் கொடுத்து, “யார் யார் என்ன வாங்கறாங்க, திருப்பித் தர்றாங்களான்னு நீதான் பாக்கணும்” என்றார். திருடனிடம் சாவி! அன்றைக்கு எனக்கு அவமானத்தில் காது சிவந்தது. அந்த ஆண்டு முடியும்வரை ஒரு டிரில் பிட் காணாமல் போகவில்லை. ஃபோர்மேன் பிரின்சிபாலிடம் சொல்லவில்லை, என் வகுப்பில் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அமலில் இருந்தது 1986-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதில் ஆண் பிள்ளைகளுக்கு வரம்பு 16 வயது. பெண் பிள்ளைகளுக்குத்தான் 18. இரு பாலருக்கும் 18 என்று ஆனது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 19 வயதான எனக்கு எந்தச் சட்டத்திலும் குழந்தை என்ற சலுகை கிடையாது. அவர் போலீசுக்குப் போன் செய்திருந்தால் என் பெயரில் ஒரு திருட்டுக் கேஸ் இருந்திருக்கும். டிப்ளமோ போயிருக்கும். பிறகு தபாலில் பி.ஏ. படித்ததும், பகலில் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் பார்த்துப் பணம் சேர்த்துச் சட்டக் கல்லூரிக்குப் போனதும் எதுவும் நடந்திருக்காது. 2013-ல் அந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தபோது, வக்கீல் தொழிலில் ஓரளவு வருமானம் வரத் தொடங்கியிருந்தது. வீட்டில், “இருக்கறத விட்டுட்டு காண்ட்ராக்ட் வேலைக்கு யாராவது போவாங்களா?” என்று சண்டை. ஏன் போனேன் என்று அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது மலரில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு பெருமையான செய்தி. இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் வக்கீலும் இல்லை, நீதிபதியும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841-ல் ஒரு நாள் கோர்ட்டில் நின்றிருந்த குடிகாரன் ஒருவனுக்கு அவரே ஜாமீன் கொடுத்து அழைத்துப் போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டி வந்தபோது ஆள் அடையாளமே தெரியவில்லையாம். நீதிபதி பெயருக்கு ஓர் அபராதம் போட்டு விட்டுவிட்டார். 1859-ல் இறக்கும்வரை அகஸ்டஸ் இதே வேலையாக இருந்தார். ஏறத்தாழ 2,000 பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார். சம்பளம் கிடையாது, கடையும் நொடித்தது. 1878-ல்தான் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டு அதைச் சம்பளமுள்ள உத்தியோகமாக்கியது. நம் பக்கத்திலும் இது புதிதல்ல. 1920-லேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அந்த வகையில் நாம்தான் முன்னோடி. இன்று நடப்பில் உள்ளது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்தது.

சரித்திரம் போதும். வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

சமூக விசாரணை அறிக்கைக்கு அச்சடித்த படிவம் உண்டு. அப்பா என்ன வேலை, வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, படிப்பு எப்போது நின்றது, ஏன் நின்றது, சிநேகிதர்கள் யார், பழக்கவழக்கம் என்ன என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஆபீசில் உட்கார்ந்துகொண்டே இதை நிரப்பிவிடலாம். நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போகாமல் எழுதிய அறிக்கையைப் படித்த உடனே கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் பிள்ளையும் ‘தீய நண்பர்களின் சேர்க்கையால்’ கெட்டுப்போயிருப்பான்.

வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர். எந்தத் தெருவாக இருந்தாலும் கேட்பேன். “எங்க வீட்டுல குடிப்பீங்களா?” என்று தயங்குகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சொம்பு குடித்து முடித்தபின் அவர்கள் சொல்கிற கதை வேறு, குடிக்காமல் நின்றுகொண்டே கேட்டால் சொல்கிற கதை வேறு. அக்கம்பக்கத்தில் யார் என்று கேட்டால், “பாலிடெக்னிக்லேர்ந்து வந்திருக்கேன், அட்மிஷன் விஷயமா” என்று சொல்லிவிடுவேன். முழுப் பொய்யும் அல்லவே! பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். தெருவுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை வராது.

பிறகு சுற்றிப் பார்ப்பேன். பள்ளிக்கூடப் பை எங்கே தொங்குகிறது? அது தொங்குகிற ஆணியில் இப்போது அப்பாவின் சட்டை தொங்கினால், படிப்பு நின்று எத்தனை நாளாயிற்று என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று ஃபோர்மேன் சொல்வாரே, அதுபோலத்தான்.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் எழுத மாட்டேன். தம்பி என்றே வைத்துக்கொள்வோம். 2018 செப்டம்பர். வேறொரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. வயது 17. ஊர்க்காரன் ஒருவன், 22 வயது, இவனைக் கூட்டிக்கொண்டு போய் மார்க்கெட் அருகில் நின்ற பைக் ஒன்றைத் தள்ளிவந்து, நம்பர் பிளேட்டைக் கழற்றி 4,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். தம்பியின் பங்கு 700. “என்னடா பண்ணினே அந்தக் காசை?” என்றேன். “ஒரு சட்டை எடுத்தேன் சார். பிரியாணி சாப்பிட்டோம். மீதி ரீசார்ஜ்.” பொய் சொல்லவில்லை. எனக்குத் திருவிழா, அவனுக்குப் பிரியாணி.

அப்பா லோடுமேன், குடி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் இட்லிக்கடை போடுகிறவர். “அவன் அப்பனாட்டம் ஆயிடக் கூடாதுன்னுதான் சார் பாலிடெக்னிக்ல சேத்தேன்” என்றார். நான் அறிக்கையில் எழுதினேன்: முதல் தவறு, படிப்பில் ஆர்வம் உண்டு, தாயின் பொறுப்பில் விடலாம், கல்லூரி தொடர்வது அவசியம். கடைசி வரியைக் கோடிட்டிருந்தேன். குழுமம் அவனை ஜாமீனில் அம்மாவோடு அனுப்பியது. அடுத்த ஜனவரியில் ஓராண்டு நன்னடத்தை மேற்பார்வை என்று உத்தரவும் வந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே கல்லூரி டி.சி. கொடுத்துவிட்டது. விசாரணை முடியவில்லை, ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, பிடிபட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. நான் நேரில் போனேன். “சார், சட்டம் இவனை நிரபராதின்னு எடுத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு சொல்லுது. நாளைக்குக் குற்றம்னே முடிவானாலும், அதால எந்தத் தகுதி இழப்பும் வரக் கூடாதுன்னு 24-ஆம் பிரிவு இருக்கு. பிறகு ரெக்கார்டையே அழிச்சுடணும்” என்றேன். துறைத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். “சட்டம் சரிதான் சார். மத்தப் பசங்களோட பேரன்ட்ஸ் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். கெட்ட மனிதர் அல்ல. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இருந்த பயம் உண்மையான பயம்தான். ஆனால் அந்த பயத்துக்கு விலை கொடுத்தது தம்பி.

டி.சி. வாங்கிய கையோடு அவன் நேராக என் ஆபீசுக்கு வந்தான். தோளில் டிராயிங் போர்டு, கையில் மினி டிராஃப்டர். “இது இங்க இருக்கட்டும் சார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அப்பா வித்துக் குடிச்சுடுவாரு. வேற காலேஜ் கிடைச்சதும் எடுத்துக்கறேன்.” பீரோவுக்குப் பின்னால் வைத்தான்.

படிப்பு நடுவில் நின்ற பையனை ஆண்டு நடுவில் எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை. ஜூனில் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பரிலிருந்து ஜூன் வரைக்கும் 17 வயதுப் பையன் என்ன செய்வான்? முதல் மூன்று மாதம் அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுத்தான். அந்த 22 வயதுக்காரன் ஜாமீனில் வெளியே வந்து திரும்பத் தெருமுனையில் நின்றான். இங்கே என் தவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் அவனைப் பார்க்க வேண்டும். மார்ச்சில் ஒரு மீட்டிங், ஓர் ஆய்வு, கணக்கு முடிப்பு என்று ஆறு வாரம் போகவில்லை. ஒரு மாவட்டம் முழுவதற்கும் என் பதவியில் இருந்தது நான் ஒருத்தன்தான். அது காரணம், சமாதானம் ஆகாது. அந்த ஆறு வாரத்துக்குள் அவனுக்கு 18 முடிந்தது. மே மாதம் இன்னொரு பைக். இந்தத் தடவை குழுமம் இல்லை, கோர்ட்; கூர்நோக்கு இல்லம் இல்லை, மத்திய சிறை.

மனு போட்டுப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இரு பக்கமும் கூட்டம், கத்தித்தான் பேச வேண்டும். “நல்லாருக்கீங்களா சார்?” என்று கேட்டான். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வெளியே வந்தபின் கொஞ்ச நாள் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தான் என்று அவன் அம்மா சொன்னார். இப்போது எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. டிராயிங் போர்டும் டிராஃப்டரும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இரண்டு தடவை ஆபீஸ் மாறியபோதும் எடுத்துக்கொண்டு போனேன்.

“திருடினவனுக்கு இவ்வளவு பரிவா? பறிகொடுத்தவன் கதி என்ன?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த பைக்காரர் ஒரு காய்கறி வியாபாரி. மார்க்கெட்டில் அவரையும் போய்ப் பார்த்தேன். “பையனை ஜெயில்ல போடுங்கன்னு நான் சொல்லல சார், வண்டி கெடச்சாப் போதும்” என்றார். பறிகொடுத்தவருக்கு இருந்த பெருந்தன்மை, அதனால் ஒரு ரூபாய்கூட நஷ்டப்படாத கல்லூரிக்கு இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கொலை, பாலியல் வன்முறை என்றால்? 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்தக் கேள்வி நாட்டையே உலுக்கியது. அந்த வழக்கில் ஒருவன் 18-க்குச் சில மாதங்களே குறைந்தவன். மூன்றாண்டு சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் வெளியே வந்தான். அந்தக் கொதிப்பில்தான் 2015 சட்டம் நிறைவேறியது. 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும் என்று அதில் வைத்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பதினாறு வயதுப் பையனின் மனசை ஒரு சில சந்திப்புகளில் அளந்து, ‘இவன் பெரியவன், இவன் சின்னவன்’ என்று சொல்ல வெர்னியர் காலிப்பரா இருக்கிறது? ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தாய்க்கு முன்னால் நின்று இந்த வாதத்தைப் பேச எனக்குத் தைரியம் போதாது. என் மேஜைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அந்த ரகம் அல்ல. செல்போன், பைக், அடிதடி, செம்புக் கம்பி.

அந்த மாதிரிப் பிள்ளைகளைக்கூட “நாலு நாள் உள்ள இருந்தாத்தான் புத்தி வரும்” என்று சொல்பவர்கள் உண்டு. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகப் பிடிபட்டு அங்கே போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. அடித்ததால் இறந்தான் என்று இல்லப் பணியாளர்களே கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2023-ல் அறிக்கையும் வந்தது. இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சும்மா சொல்லவில்லை. வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நன்னடத்தை அலுவலர். மாவட்டத்துக்கு ஒருத்தர், அதுவும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்துக்கொண்டு இருந்தால் எப்படி? போன வருடம் ஒரு பிள்ளையிடம் மனசு விட்டுப் பேசிய அலுவலர் இந்த வருடம் இருக்க மாட்டார். சமீப ஆண்டுகளில் வந்த விளம்பரங்களில் மாதம் 27,804 ரூபாய் என்று பார்த்தேன். பெட்ரோலுக்கே எவ்வளவு போகும் என்று பைக் வைத்திருக்கும் தோழர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது நிரந்தரப் பணியிடமாக வேண்டும், ஒரு மாவட்டத்துக்கு மூன்று நான்கு பேராவது வேண்டும் என்பது என் கட்சி. எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு வயசாகிவிட்டது.

இவ்வளவு புலம்பிவிட்டு, “நீங்களும் வாங்க” என்று கூப்பிடுவது விசித்திரமாக இருக்கலாம். இருந்தாலும் கூப்பிடுகிறேன். டிப்ளமோ மட்டும் போதாது. என் பதவிக்குச் சட்டப் பட்டம் வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பில் மற்றப் பதவிகளுக்குச் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குற்றவியல் படித்தவர்கள் வருகிறார்கள். நிரந்தரமான நன்னடத்தை அலுவலர் பணியிடங்களுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் அவ்வப்போது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். போங்கள், தப்பில்லை. ஆனால் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார், ஹாஸ்டலில் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பவர், பெயிலான சிநேகிதனை வீட்டில் கொண்டுபோய் விட்டு அவன் அப்பாவிடம் தானே பேசுபவர். எனக்கு அவர்தான் வேண்டும். மார்க் முக்கியமில்லை. திட்டு வாங்கும் பழக்கம் வேண்டும். போலீஸ்காரர், வக்கீல், தகப்பன், சில சமயம் அந்தப் பிள்ளையே திட்டுவான். ஒரு பையன் என் பைக்கிலேயே காற்றைப் பிடுங்கிவிட்டான். ஆறு மாதம் கழித்து அவனே வந்து, “அன்னிக்கு நான்தான் சார்” என்றான். தெரியும்டா என்றேன்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலிருந்து ஒருவன் திடீரென்று வராமல் போய், அவனைப் பற்றி ஏதோ கேஸ் என்று வதந்தி வந்தால், வாட்ஸப் குரூப்பில் போட்டோவைப் போடாதீர்கள். அப்புறம் அந்தத் துறைத் தலைவர் அறைக்குப் பேரவையிலிருந்து இரண்டு பேர் போங்கள். “சார், டி.சி. கொடுக்கறதுக்கு முன்னாடி இளைஞர் நீதிக் குழுமத்துல ஒரு வார்த்தை கேளுங்க” என்று சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாணவர்களே, “அவன் எங்க வகுப்புலயே இருக்கட்டும்” என்று சொல்லியிருந்தால் அந்தத் துறைத் தலைவருக்குப் பேரன்ட்ஸிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கும். அன்றைக்கு அந்தக் கல்லூரியில் ஒரு பையன்கூட வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

செயலாளர் மூன்று பக்கம் போதும் என்றார், நீண்டுவிட்டது. வெட்டுவதானால் ஜான் அகஸ்டஸை வெட்டுங்கள், ஃபோர்மேனை வெட்டாதீர்கள். திங்கட்கிழமை குழுமம் அமர்கிறது. மூன்று அறிக்கைகள் பாக்கி இருக்கின்றன. அதில் ஒரு வீட்டுக்கு இன்னும் போகவில்லை. பஸ் ஐந்தரைக்கு.